மன்னிப்புக் கேட்கும் ஞாயிறு

அவர் மன்னிப்புக் கேட்பார். அவரைப் பற்றி எங்கே ஆரம்பித்தாலும் கடைசியில் அங்கேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலையிலேயே குளித்து, பூப்போட்ட துணி ஒன்றைத் தலையில் கட்டிக்கொண்டு, எங்கள் தெருவின் முதல் வீட்டிலிருந்து கடைசி வீடு வரை ஏறி இறங்குவார். ஒருவர் விடாமல் மன்னிப்புக் கேட்பார். எதற்கு என்று கேட்டால் சொல்லமாட்டார்.

டாக்டருக்குப் படிக்க ரஷ்யாவுக்குப் போன எங்கள் தெருப் பையன் திரும்பி வரும்போது கூட்டி வந்த பெண் அவர். அவருக்கு நீளமான, நல்ல பெயர் ஒன்று இருந்தது. எங்கள் வாயில் அது நுழையவில்லை. ரஷ்யாவே எங்களுக்கு ருசியாதான்; இருபத்தைந்து வருடம் காரைக்குடியில் இருந்தார், கடைசி நாள் வரைக்கும் ருசியாக்காரம்மாதான். தமிழை எங்களிடம்தான் கற்றார். அதனால் வெள்ளைக்கார முகத்தோடு, "என்னண்ணே, சொகமா இருக்கீகளா, அங்குட்டு ஆளையே காணமே" என்று அச்சு அசலாக எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசுவார். புதிதாய்ப் பார்க்கிறவன் திரும்பிப் பார்த்து, பேசியது இவர்தானா என்று உறுதி செய்துகொள்வான்.

என் மரப்பட்டறை அந்தத் தெருமுக்கில் இருக்கிறது. முதல் தடவை என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்தபோது நான் பிளைவுட் அறுத்துக்கொண்டிருந்தேன். கையில் ஒரு டப்பாவோடு வாசலில் நின்றார்.

"அண்ணே, என்னைய மன்னிச்சிருங்க."

போன மாதம்தான் அவர் வீட்டுக்குச் சாப்பாட்டு மேசை செய்து கொடுத்திருந்தேன்.

"என்னம்மா ஆச்சு? மேசைக் கால் ஆடுதா?"

"மேசை நல்லாருக்கு. என்னைய மன்னிச்சிருங்க."

நான் நம்பவில்லை. வேலையைப் போட்டுவிட்டு அவர் வீட்டுக்குப் போய், மேசையைக் குப்புறக் கவிழ்த்துப் போட்டு நாலு காலையும் ஆட்டிப் பார்த்தேன். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் விஷயத்தைச் சொன்னார். அவர்கள் ஊரில் பெரிய நோன்பு தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரம் முழுக்கத் தின்று, கூத்தாடி, பாட்டுப் பாடுவார்களாம். ஏழாம் நாள் குளிர்காலத்தைப் பொம்மையாகச் செய்து எரித்துவிட்டு, கண்ணில் படுகிறவர்களிடமெல்லாம் மன்னிப்புக் கேட்பார்களாம். கேட்கப்பட்டவர் "கடவுள் மன்னிப்பார், நானும் மன்னிக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். பிறகு அவரும் திருப்பிக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

"எதுக்குன்னு சொல்லக்கூடாதுண்ணே" என்றார் ருசியாக்காரம்மா. "தெரிஞ்சும் செஞ்சிருப்போம், தெரியாமயும் செஞ்சிருப்போம். மலைக்கு மாலை போட்டவுக சாமிகிட்ட இப்படித்தானே கேக்குறாக?"

"சாமிகிட்டக் கேக்கலாம்மா. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட எப்படிக் கேக்குறது?" என்றேன்.

அது வேடிக்கைப் பேச்சு இல்லை, உள்ளதுதான். எங்கள் பக்கம் மன்னிப்பு என்ற சொல்லை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. தப்புச் செய்தவன் நாலு நாள் முகம் கொடுக்காமல் இருப்பான். ஐந்தாம் நாள் எதிரே வந்து, "சாப்டாச்சா?" என்பான், அல்லது "வாங்க, ஒரு டீ சாப்பிடுவோம்" என்பான். அதுதான் மன்னிப்பு. வாய்விட்டு மன்னிப்புக் கேட்பது ஒரே ஓர் இடத்தில்தான். பங்காளிகள் கூடிய கூட்டத்தில் குற்றம் ருசுவாகி, தலைகுனிந்து நடுவில் வந்து விழுந்து கும்பிடுகிறவன் கேட்பான். அதற்குப் பிறகு அவன் ஊரில் நிமிர்ந்து நடந்ததாக நான் பார்த்ததில்லை.

அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தாலே தெருவுக்கு ஒரு கலவரம் வந்துவிடும். அடுத்த வீட்டம்மா முதல் வருடம் அவரை அனுப்பிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரங்களை எண்ணிப் பார்த்தார். பால்காரர் ஒரு வாரம் அவர் வீட்டுக்கு மட்டும் தண்ணீர் கலக்காமல் ஊற்றினார், கண்டுபிடித்துவிட்டுத்தான் குத்திக் காட்டுகிறார் என்று. ருசியாக்காரம்மாவின் மாமியார் உயிரோடு இருந்த வரை, "எனக்குத் தெரியாம அப்படி என்னத்தடி செஞ்சுபுட்டே?" என்று வருடா வருடம் விசாரணை வைத்தார். வருடம் போகப் போகப் பழகிவிட்டது. அவர் கேட்பார், நாங்கள் சொல்லிக் கொடுத்த கிளி மாதிரி, "கடவுள் மன்னிப்பாரு, நானும் மன்னிச்சிட்டேன்" என்போம். டப்பாவில் இருப்பதை வாங்கித் தின்போம். அதை அவர் பிளீனி என்பார், நாங்கள் மைதா தோசை என்போம், அவருக்கு மூக்கு சிவந்துவிடும்.

ஆனால் பதில் சொன்ன பிறகும் அவர் போய்விடமாட்டார். நிற்பார். ஒன்று, இரண்டு என்று ஐந்து எண்ணுகிற நேரம், முகத்தைப் பார்த்தபடி நிற்பார். நாங்கள் திருப்பிக் கேட்பதற்கான நேரம் அது. யாரும் கேட்டதில்லை. நான் மரத்தூளைத் தட்டுவேன். என் மனைவி அடுப்பில் பால் பொங்குகிறது என்பாள். ஐந்து முடிந்ததும் அவர் லேசாகச் சிரித்துவிட்டு அடுத்த வாசலுக்கு நகர்வார்.

அவரைத் தெய்வப் பிறவி என்று நினைத்துவிட வேண்டாம். கோபம் பொல்லாதது. "வருசம் பூராவும் எல்லாரையும் வைஞ்சிட்டு ஒரு நாளு வந்து மன்னிப்புக் கேட்டா சரியாப் போச்சா?" என்பாள் என் மனைவி. அதிலும் நியாயம் இருந்தது. அந்தக் கோபத்தை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் நாடக ஒத்திகைக்கு வர வேண்டும்.

ஆமாம், நாடகம். கண்டனூரில் கல்யாணம் காட்சிக்கு மட்டும் திறக்கிற பெரிய வீடு ஒன்று இருந்தது. சென்னையில் இருக்கும் அந்த வீட்டுக்காரர் டாக்டரின் சிநேகிதர். அந்த ஞாயிறு ஒரு நாள் சாவியைக் கொடுப்பார். ருசியாக்காரம்மா எழுதிய நாடகம், எல்லா வருடமும் ஒரே கதை. குளிர்காலம் என்கிற கிழவி ஓர் ஊருக்கு வந்து உட்கார்ந்துகொண்டு போகமாட்டேன் என்கிறாள். ஊரார் கெஞ்சுகிறார்கள், விருந்து வைக்கிறார்கள், கரடியை விட்டு மிரட்டுகிறார்கள், கடைசியில் கொல்லையில் வைத்து எரிக்கிறார்கள். நடிக்கிறவர்கள் டாக்டரின் ஆஸ்பத்திரி நர்ஸ், புதுவயல் மில்லில் மூட்டை தூக்கும் இரண்டு பேர், ஒரு டியூஷன் வாத்தியார், ஒரு பஸ் கண்டக்டர். கண்டக்டர்தான் கரடி. மாசி வெயிலில் கறுப்புக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு ஆடி ஒரு வருடம் மயங்கி விழுந்தார். தண்ணீர் தெளித்து எழுப்பிய கையோடு, "கரடி இந்தப் பக்கமா விழக்கூடாது, அந்தப் பக்கமா விழணும்" என்று ருசியாக்காரம்மா திட்டினார்.

"எங்க ஊருல வருசம் பூரா வெயிலுதான். எந்தக் குளிரைம்மா எரிக்கப் போறீக?" என்று கரடி முனகிக்கொண்டே எழுந்தது.

மேடையும் பொம்மையும் என் வேலை. சவுக்குக் கம்பில் குறுக்குச் சட்டம் அடித்து, வைக்கோல் சுற்றி, ஆள் உயரத்துக்கு ஒரு பொம்பளை. அதற்குக் கட்ட முதல் வருடம் தெருவில் பழைய சேலை கேட்டார். ஒருத்தரும் கொடுக்கவில்லை. உடுத்திய சேலையை உருவத்துக்குக் கட்டி எரித்தால் உடுத்தியவளுக்கு ஆகாது. அதிலிருந்து வருடா வருடம் கடையில் புதுச் சுங்குடிச் சேலை வாங்கிக் கட்டினார்.

எரித்தபோது இன்னொன்று நடந்தது. வைக்கோல் பொம்பளை எரிவதைப் பார்த்ததும் கண்டனூர்ப் பெண்களுக்குக் கொடும்பாவிதான் நினைவுக்கு வந்தது. மழை இல்லாத காலத்தில் வைக்கோல் உருவத்தைத் தெருவில் இழுத்துப்போய், மாரடித்து அழுது, எரிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். பாதி விளையாட்டாகவும் பாதி பழக்கத்திலும் ஒரு பெண் ஒப்பாரியைத் தொடங்கினாள்.

"பாலாப் பொழிஞ்சவளே, பஞ்சாப் பறந்தவளே,
பாதகத்தி உன்னை நாங்க பாக்காமயே எரிச்சமே!"

ருசியாக்காரம்மா கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அடுத்த வருடத்திலிருந்து ஒப்பாரி நாடகத்தில் சேர்ந்துவிட்டது. அந்த வருடம் பங்குனியில் நல்ல மழை. அதற்கப்புறம் ருசியாக்காரம்மா கொடும்பாவி என்றே கண்டனூரில் பேர், கூட்டத்துக்கும் குறைவில்லை.

எல்லாம் நடந்தது, அவர் கடைசியாகக் கேட்ட ஒன்று மட்டும் நடக்கவில்லை. பொம்மை எரிந்து முடிந்ததும் நடிகர்கள் எல்லாரும் கூட்டத்துக்குள் வந்து ஆளுக்கு ஆள் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆடச் சொன்னால் ஆடினார்கள், உருளச் சொன்னால் உருண்டார்கள், அதற்கு மட்டும் ஒருவரும் இறங்கவில்லை. "நான் கரடிம்மா. கரடி எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்றார் கண்டக்டர். ஆக, வருடா வருடம் அவர் மட்டும்தான் இறங்குவார். முதலில் முன்வரிசையில் இருக்கும் டாக்டரிடம் போவார். அத்தனை பேர் முன்னால், "என்னைய மன்னிச்சிருங்க" என்பார். டாக்டர் எழுந்து நின்று, "கடவுள் மன்னிப்பாரு, நானும் மன்னிச்சிட்டேன்" என்பார். அத்தோடு உட்கார்ந்துவிடமாட்டார். "நீயும் என்னைய மன்னிச்சிரு" என்பார். இந்த ஊரில் அவரிடம் திருப்பிக் கேட்ட ஒரே ஆள் அவர் புருஷன்தான். பெண்கள் பக்கம் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பார்கள். ஆண்கள் பக்கம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொள்வார்கள்.

ரஷ்யா பக்கத்து நாட்டோடு சண்டை ஆரம்பித்த வருடம் டியூஷன் வாத்தியார் விலகிக்கொண்டார். "உங்க ஊர்க்காரன் அங்க குண்டு போடுறான், நீங்க இங்க தோசை சுடுறீகளே" என்று மூஞ்சிக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். நான் அப்போது பட்டறையில் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். ருசியாக்காரம்மா என் பக்கத்தில் கிடந்த பலகையில் வந்து உட்கார்ந்தார்.

"வாத்தியார் சொன்னது சரிதாண்ணே. என் தங்கச்சி மகனும் சண்டைக்குப் போயிருக்கான். இதுக்கு யாருகிட்டப் போய்க் கேக்குறதுன்னுதான் எனக்குத் தெரியல" என்றார்.

அந்த வருடமும் நாடகம் போட்டார். எப்போதையும்விட அதிக வீடுகள் ஏறி இறங்கினார். எங்கள் தெரு முடிந்து அடுத்த தெருவுக்கும் போனதாகச் சொன்னார்கள்.

கடைசி நாடகத்தன்று டாக்டருக்கு முகம் வெளுத்திருந்தது. மனைவி வந்து கேட்டபோது நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். ஆனாலும் எழுந்தார், சொன்னார், திருப்பிக் கேட்டார். அடுத்த வியாழக்கிழமை காலையில் ஆஸ்பத்திரியில் நோயாளிக்கு நாடி பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நெஞ்சு வலி. ஊருக்கே நெஞ்சு பார்த்த வைத்தியர், தன் நெஞ்சை யாரிடமும் காட்டவில்லை.

பிள்ளைகள் இல்லை. அவர்கள் குடியிருந்த வீடு டாக்டரின் அப்பா பேரிலேயே இருந்தது, அண்ணன் தம்பி பிரித்துக்கொள்ளவில்லை. அண்ணன் புதுவயலில் ரைஸ்மில் வைத்திருப்பவர். தம்பி இருந்தவரை ருசியாக்காரம்மாவைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பேசியவர்.

பதினாறாம் நாள் கருமாதி முடிந்து, அந்த வீட்டு முற்றத்திலேயே பங்காளிகள் உட்கார்ந்தார்கள். சமையலுக்குப் போட்ட ஆக்குப்புரைப் பக்கம் நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டிருந்த நானும் அங்கே நின்றேன். பெண்கள் பக்கத்தில், தூணுக்குக் கீழே, வெள்ளைச் சேலையில் அவர் இருந்தார். வீட்டில் அவர் இருந்துகொள்ளட்டும் என்று பெரியவர் ஒருவர் சொன்னார். அப்போதுதான் மில்காரர் தொண்டையைச் செருமினார்.

"இருக்கட்டும். யாரு வேணாங்குறா? ஒண்ணே ஒண்ணு மட்டும் எனக்குத் தெரியணும். அவன் போறதுக்கு நாலு நாளைக்கு முந்தி, ஊரு பாக்க, சபை நடுவுல நின்னு எந்தம்பிகிட்ட மன்னிப்புக் கேட்டாளே, எதுக்கு? ஒண்ணும் செய்யாதவ எதுக்குக் கேக்கணும்? நாலாம் நாளு அவன் போயிட்டானே, எப்புடிப் போனான்?"

டாக்டர் எதனால் இறந்தார் என்று அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். ஆனால் சபையில் மன்னிப்புக் கேட்டவள் குற்றவாளி என்பதும் எல்லாருக்கும் தெரியும். இரண்டாவதாகத் தெரிந்ததுதான் எங்களுக்கு ரத்தத்தில் ஊறியது. தலைகள் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. பாத்திரம் எண்ணிய அடுத்த வீட்டம்மா, "எங்கிட்டயும்தான் வருசா வருசம் கேட்டா" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது எனக்கே கேட்டது.

மில்காரர் என்னைப் பார்த்தார். "ஏய் ஆசாரி, நீதானே மேடை போட்டவன். முன்னாடி நின்னு பாத்தவன். சொல்லு, கேட்டாளா இல்லையா?"

"கேட்டாக" என்றேன்.

நான் பொய் சொல்லவில்லை. அதுதான் இதில் கேவலம். டாக்டரும் திருப்பிக் கேட்டார் என்பது என் நாக்கு நுனியில் இருந்தது. இது அவர்கள் ஊர்த் திருவிழா, என்னிடமும் கேட்பார், பால்காரரிடமும் கேட்பார், ஒன்றும் செய்யாமலே கேட்பார் என்பதெல்லாம் வரிசையாக வந்து நின்றது. அதை அந்தக் கூட்டத்தில் விவரமாகச் சொல்லத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். மேசையைக் கவிழ்த்துப் பார்த்த கதையைச் சொல்லியிருந்தாலே பாதிப் பேர் சிரித்துக் கலைந்திருப்பார்கள். மில்காரர் கட்டிக்கொண்டிருந்த புது வீட்டுக்குக் கதவு, ஜன்னல் எல்லாம் என் பட்டறையில் பாதி வேலையில் கிடந்தன. பங்காளிகள் கூடிய இடத்தில் ஆசாரி வாய் திறந்து நியாயம் பேசினான் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. என் வாய் அந்த ஒரு சொல்லோடு மூடிக்கொண்டது.

தூணுக்குக் கீழேயிருந்து அவர் குரல் வந்தது. கோபமாக இல்லை. ஒத்திகையில் வசனம் மறந்தவனுக்கு எடுத்துக் கொடுப்பாரே, அந்தக் குரல்.

"அண்ணே, மிச்சத்தையும் சொல்லுங்க."

நான் கீழே பார்த்தேன். முற்றத்துக் கல்லில் கருமாதிக்கு ஐயர் போட்ட மாவுக் கட்டம் பாதி அழிந்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"பொம்பளை நடுவுல பேசாத" என்றார் மில்காரர். அத்தோடு முடிந்தது; அவர் வீட்டைவிட்டுப் போக வேண்டும் என்று தீர்ப்பானது.

வக்கீல் ஒருவர் அவருக்காக வந்து, சட்டப்படி டாக்டரின் பங்கு அவருக்குத்தான், யாரும் வெளியே அனுப்ப முடியாது என்றாராம். நர்ஸ் வந்து சொன்னாள். அதற்கு அவர், "கோர்ட்டு வீட்டைக் குடுக்கும். காலையில எந்திரிச்சு இந்தத் தெருவுல நான் யார் மூஞ்சியில முழிக்கிறது?" என்று கேட்டாராம். இருபத்தைந்து வருடமாக அவர் எங்கள் வாசல்களில் ஏறி நின்றது இந்தத் தெருவில் ஒருத்தியாக இருப்பதற்குத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. உறைத்து என்ன, எழுந்து போய் ஒரு வார்த்தை சொன்னேனா? மில்காரர் வீட்டுக் கதவை இழைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் கிளம்பியது சித்திரையில். வாசலில் ஆட்டோ நின்றது. ரஷ்யாவில் தங்கை வீட்டுக்குப் போகிறார் என்றார்கள். தங்கை மகன் சண்டையிலிருந்து திரும்பவில்லை என்றும் சொன்னார்கள். தெருவில் பாதிக் கதவுகள் சாத்தியிருந்தன. அவர் எந்த வாசலிலும் ஏறவில்லை, நேராகப் பட்டறைக்கு வந்தார். தலையில் அந்தப் பூப்போட்ட துணி. கையில் டப்பா இல்லை.

"ஊருக்குப் போறேண்ணே. தெரிஞ்சும் தெரியாமயும் ஏதாச்சும் செஞ்சிருந்தா என்னைய மன்னிச்சிருங்க."

இத்தனை வருடப் பழக்கம். யோசிப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது: "கடவுள் மன்னிப்பாரு. நானும் மன்னிச்சிட்டேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. நான் அவரை மன்னித்துவிட்டேனாம்.

அவர் நின்றார். வேலைக்காரன் ரம்பத்தை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தான். ஐந்து எண்ணுகிற நேரம் போயிற்று. அவர் நகரவில்லை. பத்தும் போயிற்று. ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார், நான் கையிலிருந்த மரத்தூளைத் தட்டினேன், தட்டுவதற்குத் தூள் இல்லாமல் போன பிறகும் தட்டினேன்.

"ஒரு டீ சாப்பிட்டுப் போறீகளாம்மா?" என்றேன்.

இருபத்தைந்து வருடம் எங்களோடு இருந்தவர். அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தது என்பது முகத்திலேயே தெரிந்தது. தலைத்துணியின் முடிச்சை இறுக்கிக்கொண்டார்.

"கடவுள் மன்னிப்பாருண்ணே" என்றார்.

மிச்சத்தை அவர் சொல்லவில்லை. போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.